வாடிக்கையாளர் செலுத்தும் கட்டணத்தை விட்டுவிட்டு, நிறுவனங்கள் ஒன்றுக்கொன்று கொடுக்கும் கட்டணத்தை மட்டும் ஆணையங்கள் நிர்ணயிப்பது ஏன்?

மாலைநேர வாசகர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறையை நான் முறையாகக் கற்றவன் அல்லன். சில மாதங்களாகப் பல்வேறு ஒழுங்குமுறை ஆணையங்கள் வெளியிடும் ஆணைகளையும் கலந்தாய்வு அறிக்கைகளையும் பொறுமையாகப் படித்து வருகிறேன். படிக்கப் படிக்க ஒரு கேள்வி வலுத்துக்கொண்டே போகிறது.

சென்ற வாரம் நான் படித்து முடித்த ஆணை இருநூறு பக்கங்களைத் தாண்டியது. அதில் வாடிக்கையாளர் மாதந்தோறும் செலுத்தும் கட்டணத்தைப் பற்றி இரண்டே பத்திகள்தான் இருந்தன. சந்தையில் போதிய போட்டி நிலவுவதால் ஆணையம் தலையிட வேண்டியதில்லை என்று அவை முடிந்துவிட்டன. மற்ற பக்கங்கள் முழுவதும், ஒரு நிறுவனத்தின் வாடிக்கையாளர் இன்னொரு நிறுவனத்தின் வாடிக்கையாளரை அழைத்தால் யார் யாருக்கு எவ்வளவு தர வேண்டும், இரு வலைப்பின்னல்களும் எந்த இடத்தில் இணைய வேண்டும், அந்த இணைப்பின் செலவு யாருடையது என்பவற்றையே பேசின. பின்னிணைப்பில் அட்டவணை அட்டவணையாகக் கணக்குகள் இருந்தன.

நான் பயன்படுத்தும் சேவையை வழங்குவோர் மூவர். மூவரும் பத்து நாள் இடைவெளிக்குள் கட்டணத்தை உயர்த்தினார்கள். அதைத் தடுக்கும் அதிகாரம் சட்டப்படி ஆணையத்துக்கு இருந்தும் அது வாய் திறக்கவில்லை. மக்களின் கையிலிருந்து பணம் போகிற இடத்தில் மௌனமாக இருந்துவிட்டு, நிறுவனங்கள் தமக்குள் பங்கிட்டுக்கொள்கிற இடத்தில் இத்தனை பக்கங்களை ஏன் செலவிட வேண்டும்? இதற்கு உண்மையான காரணம் இருக்கிறதா, அல்லது எளிதான வேலையை எடுத்துக்கொண்டு கடினமானதைத் தவிர்க்கிறார்களா? துறையை உள்ளிருந்து அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பழைய இணைப்பாளர் எழுதியது:

ஐயா, உங்கள் ஆதங்கம் நியாயமானது. ஆனால் அந்த இருநூறு பக்கங்கள் வீண் அல்ல என்பதை, அவை இல்லாத காலத்தில் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்ல விரும்புகிறேன்.

புதிதாகச் சந்தைக்கு வந்த சிறிய நிறுவனம் ஒன்றில், பிற நிறுவனங்களோடு வலைப்பின்னலை இணைக்கும் பிரிவில் சில ஆண்டுகள் பணியாற்றினேன். அப்போது இரண்டு நிறுவனங்களின் நிலையங்களை இணைக்க ஈ1 என்னும் சுற்றுகளைப் பயன்படுத்துவோம். ஒரு ஈ1 சுற்றில் ஒரே நேரத்தில் முப்பது பேச்சுகள் போகும். முப்பத்தோராவது ஆள் அழைத்தால் அவருக்கு இடமில்லை. எங்கள் வாடிக்கையாளர் எண்ணிக்கை கூடக்கூட, பெரிய நிறுவனத்திடம் கூடுதல் சுற்றுகள் கேட்டு விண்ணப்பிப்போம். விண்ணப்பம் கிடைத்தது என்று பதில் வரும், சுற்று வராது. மாலை ஏழு மணிக்கு மேல் திரையின் முன் அமர்ந்திருப்பேன். அந்த ஒரு நிறுவனத்தை நோக்கிய பாதை மட்டும் நிரம்பி, அழைப்புகள் ஒவ்வொன்றாக விழுவது கண்ணெதிரே தெரியும். மறுநாள் காலையில் எங்கள் கடைகளில் நிற்கும் வாடிக்கையாளர்கள், உங்கள் சிம்மிலிருந்து யாரையும் கூப்பிட முடியவில்லை என்று எங்களைத்தான் திட்டுவார்கள். தவறு எங்கே நடந்தது என்பது அவர்களுக்குத் தெரிய வழியே இல்லை. எங்கள் கட்டணம் சந்தையிலேயே குறைவாக இருந்தும், அந்த மாலை நேரங்களால் நாங்கள் இழந்தவர்கள் அநேகர்.

இதில் பொதிந்திருக்கும் பொருளாதாரம் இதுதான். நீங்கள் எந்த நிறுவனத்தில் சேர்வது என்பது உங்கள் விருப்பம். அங்கே போட்டி நடக்க இடமுண்டு. ஆனால் நீங்கள் சேர்ந்துவிட்ட பிறகு, உங்களை அழைக்க விரும்பும் உலகம் முழுவதற்கும் அந்த ஒரு நிறுவனம்தான் வாசல். அழைப்பவரின் நிறுவனம் அதற்குக் கேட்டதைக் கொடுத்தே ஆக வேண்டும். சந்தையில் பத்து நிறுவனங்கள் இருந்தாலும் இந்த ஏகபோகம் கரையாது, பத்து ஏகபோகங்களாகத்தான் இருக்கும். அழைப்பை ஏற்று உரியவரிடம் சேர்ப்பதற்கான இந்தக் கட்டணத்தை நிறுவனங்களின் போக்குக்கு விட்டால், பெரிய நிறுவனம் அதை உயர்த்தி வைத்துக்கொண்டு, தன் வாடிக்கையாளர்கள் தமக்குள் பேசிக்கொள்வதை மட்டும் இலவசமாக்கிவிடும். பிறகு உங்கள் உறவினரும் நண்பரும் எங்கே இருக்கிறார்களோ அங்கேதான் நீங்களும் சேர்வீர்கள். சிறியவன் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வெளியழைப்புச் செலவே அவனை விழுங்கிவிடும்.

அதனால்தான் உலகெங்கும் ஆணையங்கள் முதலில் கை வைத்த இடம் அது. ஐரோப்பிய ஒன்றியம் 2009இல் ஒரு பரிந்துரையின் மூலம் இந்தக் கட்டணத்தை உண்மையான கூடுதல் செலவோடு பொருத்தச் சொல்லி, 2021 முதல் ஒன்றியம் முழுமைக்கும் ஒரே வரம்பைக் கொண்டுவந்தது. மொபைல் அழைப்புக்கு நிமிடத்துக்கு 0.2 யூரோ சென்ட் என்ற அளவுக்கு 2024இல் அது இறங்கியது. இந்தியாவில் நிமிடத்துக்கு 14 பைசாவாக இருந்ததை, அந்நாட்டுத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2017 அக்டோபரில் 6 பைசாவாக்கி, 2021 ஜனவரி 1 முதல் பூஜ்யமாக்கியது. இடையில், 2019 அக்டோபரில், ஜியோ நிறுவனம் பிற வலைப்பின்னல்களுக்குப் போகும் அழைப்புகளுக்கு அதே 6 பைசாவை வாடிக்கையாளரிடம் வசூலிக்கத் தொடங்கியதைப் பலர் நினைவில் வைத்திருப்பீர்கள். உங்கள் பின்னிணைப்பில் இருப்பதைப் போன்ற ஓர் எண், அன்று நேரடியாக மக்களின் கைப்பேசியில் வந்து நின்றது. மெக்சிகோவில் 2014இல் அமெரிக்கா மோவில் என்னும் அந்நாட்டுக் குழுமம் சந்தையில் மேலாதிக்கம் உடையது என்று அறிவிக்கப்பட்டு, போட்டியாளர்களின் அழைப்புகளை அது கட்டணமின்றி ஏற்க வேண்டும் என்று விதிக்கப்பட்டது. 2017இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அந்தப் பூஜ்யக் கட்டணத்தை ஏற்க மறுத்தது. பெரியவருக்கு ஒரு விதி, சிறியவருக்கு ஒரு விதி என்பது சரியா என்ற வாதம் அங்கே இன்றும் ஓயவில்லை.

இந்தக் கட்டணத்தைக் குறைத்தால் நிறுவனங்கள் அந்த இழப்பை வேறு வழியில் உங்களிடமே எடுத்துக்கொள்ளும், ஒரு பக்கம் அமுக்கினால் மறுபக்கம் எழும்பும் என்ற மறுப்பும் உண்டு. அதில் ஓரளவு உண்மையும் இருக்கிறது. ஆனால் முழு அளவுக்கு எழும்பாது என்பதே என் அனுபவம். எழும்பினாலும், அது வாடிக்கையாளர் ஒப்பிட்டுப் பார்க்கக்கூடிய பக்கத்தில் எழும்புகிறது.

குழாய்வழி எழுதியது:

முன்னவர் அழைப்புகளைப் பற்றி எழுதியதோடு எனக்கு உடன்பாடே. பிராட்பேண்டுக்கு வந்தால் அந்த வாசல் மண்ணுக்கடியில் இருக்கிறது. அதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

வீட்டுக்கு ஃபைபர் கொண்டுவருவதில் பெருஞ்செலவு இழைக்கு ஆவதில்லை, தெருவைத் தோண்டுவதற்கு ஆகிறது. முதலில் தொலைபேசி போட்ட நிறுவனத்துக்கு, பெரும்பாலும் அரசுத் துறையாக இருந்து பிறகு நிறுவனமானதற்கு, அந்தக் குழாய்கள் பல பத்தாண்டுகளுக்கு முன்பே கிடைத்துவிட்டன. அடுத்து வருபவர் அதே தெருவை மீண்டும் தோண்டி அதே விலையில் போட்டியிட வேண்டும் என்றால் அவர் வரவே மாட்டார். ஆகவே ஏற்கெனவே இருப்பதில் எதைத் திறந்துவிட வேண்டும் என்பதே ஆணையத்தின் முன் உள்ள கேள்வி.

செப்புக் கம்பி காலத்தில் கம்பியையே போட்டியாளர்களுக்குத் திறந்துவிட்டார்கள். அமெரிக்காவின் 1996 ஆண்டு தொலைத்தொடர்புச் சட்டம் அதைத் தொடங்கி வைத்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2000இன் இறுதியில் தன் விதியை இயற்றியது. பிறகு பாதைகள் பிரிந்தன. அமெரிக்க ஆணையம் 2003இலும் 2005இலும் இந்தக் கடமைகளில் பெரும்பகுதியை விலக்கிக்கொண்டது. கேபிள் நிறுவனமும் தொலைபேசி நிறுவனமும் மோதிக்கொள்வதே போதும் என்று நம்பியது. ஸ்பெயின் 2009இல் எடுத்த முடிவு என் மதிப்பீட்டில் இந்தத் துறையின் மிகச் சிறந்த முடிவுகளில் ஒன்று. பழைய நிறுவனமான டெலிஃபோனிகா தன் குழாய்களையும் கம்பங்களையும் போட்டியாளர்களுக்குத் திறந்துவிட வேண்டும். ஆனால் புதிதாக அது போடும் ஃபைபரில் நொடிக்கு 30 மெகாபிட்டுக்கு மேற்பட்ட வேகத்தை மொத்த விலையில் பிறருக்கு விற்க வேண்டியதில்லை. அதாவது அப்பன் பாட்டன் போட்ட குழாயைப் பகிர வேண்டும், இனிமேல் தன் பணத்தில் போடும் இழையைப் பகிரத் தேவையில்லை. விளைவாக, நகரங்களில் ஒன்றுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் சொந்த ஃபைபரை இழுத்தன. ஐரோப்பாவிலேயே ஃபைபர் மிகுதியாகப் பரவிய நாடுகளில் ஒன்றாக ஸ்பெயின் ஆனது. முதலீடு வேண்டுமென்றால் ஒழுங்குமுறையைக் கைவிட வேண்டும் என்று நிறுவனங்கள் சொல்லும்போதெல்லாம் நான் இதைத்தான் எடுத்துக்காட்டுவேன்.

திறந்துவிடு என்று ஆணையில் எழுதுவது ஒன்று, உண்மையில் திறப்பது வேறு. குழாயில் இழை செலுத்தும் குழுவோடு நான் பல முறை நின்றிருக்கிறேன். பழைய நிறுவனத்தின் ஆவணத்தில் ஒரு மேன்ஹோலிலிருந்து அடுத்ததற்கு மூன்று குழாய்கள், அவற்றில் ஒன்று காலி என்று இருக்கும். மூடியைத் திறந்து தேங்கிய நீரை இறைத்து, காலி என்ற அந்தக் குழாயில் கம்பியைச் செலுத்தினால் பாதித் தொலைவில் நின்றுவிடும். பயன்பாட்டிலிருந்து நீக்கிய செப்புக் கேபிள் உள்ளேயே கிடக்கும். அதை எடுக்க நமக்கு உரிமை கிடையாது. எடுத்துத் தரச் சொல்லி எழுத்து மூலம் கேட்டால், ஆய்வுக்கு ஆள் வர மூன்று வாரம், அனுமதிக்கு மேலும் சில வாரம். அதே தெருவில் அந்த நிறுவனத்தின் சொந்தக் குழு மட்டும் காத்திருக்காமல் வேலை செய்துகொண்டிருக்கும்.

இதற்கு மருந்தாகத்தான் சில நாடுகளில் நிறுவனத்தையே பிரித்தார்கள். பிரிட்டனில் பழைய நிறுவனத்தின் கம்பிகளையும் குழாய்களையும் பராமரிக்க 2006இல் ஓப்பன்ரீச் தனிப் பிரிவாகி, 2017இல் சட்டப்படி தனி நிறுவனமாக்க ஒப்புக்கொள்ளப்பட்டது. நியூசிலாந்தில் அதே வேலையைச் செய்யும் சோரஸ் 2011இல் பழைய நிறுவனத்திலிருந்து முழுவதுமாகவே பிரிந்து தனி நிறுவனமானது. சோரஸ் தானே வாடிக்கையாளர்களுக்கு நேரடியாக இணைப்பு விற்பதில்லை. விற்கும் எல்லாரும் அதற்கு ஒன்றே. அடிப்படைக் கொள்கை எளிது: பழைய நிறுவனத்தின் சொந்த விற்பனைப் பிரிவு எந்தப் படிவத்தை நிரப்புகிறதோ அதே படிவத்தைப் போட்டியாளரும் நிரப்பி, அதே வரிசையில் நின்று, அதே விலையைத் தர வேண்டும். விலையை மட்டும் நிர்ணயித்துவிட்டு வரிசையைக் கவனிக்காத ஆணைகள் அநேகமாகத் தோற்றுப்போகின்றன.

மூன்றில் ஒருவர் எழுதியது:

மேலே எழுதிய இருவரும் மொத்த விற்பனைப் பக்கத்தை அருமையாக விளக்கினார்கள். இருந்தாலும் வாசகர் எழுப்பிய கேள்விக்கு அது முழு விடை ஆகவில்லை. மூவரும் பத்து நாளுக்குள் விலையேற்றினார்கள் என்று அவர் எழுதியிருக்கிறாரே, அங்கே வாசல்கள் எல்லாம் திறந்துதான் இருந்திருக்கின்றன. திறந்த வாசலுக்குள் வர ஆளில்லை என்பதுதான் சிக்கல்.

மொபைல் சந்தையில் எத்தனை பேர் இருக்கலாம் என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அலைக்கற்றைதான். அதைப் பங்கிடுவது அரசு. ஆகவே போட்டி தானாக அமைந்தது, அதில் நாங்கள் தலையிடவில்லை என்று எந்த ஆணையமும் சொல்லிக்கொள்ள முடியாது. 2000இல் நடந்த 3ஜி ஏலங்களில் பிரிட்டன் சுமார் 2250 கோடி பவுண்டும், ஜெர்மனி 5000 கோடி யூரோவுக்கு மேலும் திரட்டின. ஜெர்மனியில் உரிமம் பெற்ற ஆறு நிறுவனங்களில் இரண்டு வலைப்பின்னலையே நடத்தாமல் விலகிப்போயின. ஏலத்தொகையை வைத்து மட்டும் ஓர் ஏலத்தின் வெற்றியை அளப்பது பெரும்பிழை என்று நான் உறுதியாக நம்புகிறேன். 2018இல் பிரான்ஸ் அரசு உரிமங்களைப் புதுப்பிக்கும்போது ஏலம் விடாமல், அதற்கு ஈடாகச் சிக்னல் எட்டாத பகுதிகளில் 4ஜி கொண்டுவரும் கட்டாயக் கடமையை நான்கு நிறுவனங்கள் மீதும் சுமத்தியது. கருவூலத்துக்கு வருமானம் குறைந்தது. ஊர்களுக்கு டவர் வந்தது.

புதிய நிறுவனம் உள்ளே வந்தால் என்ன நடக்கும் என்பதற்கு 2012இன் இஸ்ரேலும் பிரான்ஸும் சான்று. இரண்டு நாடுகளிலும் புதிதாக வந்தவர்கள் கட்டணத்தைச் சரித்தார்கள். இஸ்ரேலில் அதற்கு முன்பே ஆணையம் நிறுவனங்கள் ஒன்றுக்கொன்று தரும் இணைப்புக் கட்டணத்தை வெகுவாகக் குறைத்து, ஒப்பந்தத்தை முறித்து வெளியேறுவோர் கட்ட வேண்டிய அபராதத்தையும் நீக்கியிருந்தது என்பதைச் சேர்த்தே பார்க்க வேண்டும். எதிர்த்திசையில், ஆஸ்திரியாவில் நான்கு நிறுவனங்கள் மூன்றாகச் சுருங்கும் இணைப்புக்கு 2012 டிசம்பரில் ஐரோப்பிய ஆணையம் அனுமதி தந்தது. விலை உயர்ந்தது என்று அந்நாட்டு அமைப்புகளே பிற்பாடு ஆய்ந்து 2016இல் வெளியிட்டன. அதே ஆண்டு மே மாதத்தில் பிரிட்டனில் த்ரீ, ஓடூ என்னும் இரண்டு மொபைல் நிறுவனங்கள் ஒன்றாவதை ஐரோப்பிய ஆணையம் தடுத்தது. ஆனால் 2024 டிசம்பரில் வோடஃபோனும் த்ரீயும் இணைவதற்குப் பிரிட்டனின் போட்டி ஆணையம், வலைப்பின்னல் முதலீட்டுக்கான வாக்குறுதிகளைச் சட்டப்படி கட்டாயமாக்கியும், குறிப்பிட்ட காலத்துக்குச் சில கட்டணங்களுக்கு வரம்பு விதித்தும் ஒப்புதல் தந்துவிட்டது. முதலீடு என்ற சொல்லுக்கு முன் போட்டி என்ற சொல் தளர்ந்துவருவதை நான் கவலையோடு பார்க்கிறேன்.

எண்ணை மாற்றாமல் நிறுவனம் மாறும் வசதியைப் பற்றி ஒரு குறிப்பு. சிங்கப்பூர் 1997லேயே அதைத் தொடங்கியது; இந்தியா முழுவதும் 2011 ஜனவரியில் வந்தது. வசதி இருக்கிறதா என்பதோடு, அதைத் தொடங்குவதற்கான சாவி யாரிடம் இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். நீங்கள் விட்டுப் போகும் நிறுவனத்திடமே குறியீடு கேட்டு வாங்க வேண்டியிருந்தால், அது தரும் முன் உங்களைத் தொலைபேசியில் அழைத்துச் சலுகை பேசும், மிரட்டலாகவும் பேசும். நீங்கள் சேரப்போகும் நிறுவனமே எல்லாவற்றையும் செய்துமுடிக்கும் முறையில் அந்த இடமே இல்லை. அயர்லாந்தில் இரண்டு மணி நேரத்துக்குள் எண் மாறிவிடுகிறது என்றால் அதற்கு இந்த வடிவமைப்பே காரணம்.

மாலைநேர வாசகர் எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஈ1 சுற்றைப் பற்றிய விளக்கத்துக்குப் பிறகு அந்தப் பின்னிணைப்பை மீண்டும் எடுத்து வைத்திருக்கிறேன். இன்னும் ஒரு ஐயம் உள்ளது. வாசல்களைத் திறந்தும், மாறிச் செல்வதை எளிதாக்கியும், மூவர் ஒருவரையொருவர் பார்த்துப் பார்த்து விலையேற்றினால், அப்போதாவது வாடிக்கையாளர் கட்டணத்துக்கு நேரடியாக உச்சவரம்பு வைக்கலாம் அல்லவா? அப்படி எங்கேனும் செய்திருக்கிறார்களா?

பழைய இணைப்பாளர் எழுதியது:

செய்திருக்கிறார்கள். தெளிவான எடுத்துக்காட்டு ஐரோப்பிய ரோமிங். வெளிநாட்டுக்குப் போகும்போது ஆகும் கட்டணத்தைப் பார்த்து யாரும் சிம் வாங்குவதில்லை. சென்ற இடத்து நிறுவனத்துக்கோ இவர் வேறொருவருடைய வாடிக்கையாளர். இரு பக்கமும் விலையைக் குறைக்க யாருக்கும் தூண்டுதல் இல்லாததால், 2007இல் உச்சவரம்பு கொண்டுவந்தார்கள். நிறுவனங்களின் கட்டணங்கள் அந்த வரம்பை ஒட்டியே நின்றன. அதற்குக் கீழே இறங்க யாரும் அவசரப்படவில்லை. உச்சவரம்பின் இயல்பான குறை அது: இதற்கு மேல் போகாதே என்று சொன்னால், எல்லாரும் அங்கேயே போய் நிற்பார்கள். பிறகு 2017 ஜூன் 15 முதல் ரோமிங் கூடுதல் கட்டணமே ஒழிக்கப்பட்டது. அப்போதும் நிறுவனங்களுக்கு இடையிலான டேட்டா விலைக்கு ஒரு ஜிபிக்கு 7.7 யூரோ என்று வரம்பு விதித்து, படிப்படியாக இறக்கி, 2022இல் 2 யூரோவாக்கினார்கள். அது இல்லாதிருந்தால், வாடிக்கையாளருக்கு இலவசமாகத் தந்துவிட்டு வெளிநாட்டு நிறுவனத்துக்குப் பெருந்தொகை கட்டும் சிறிய நிறுவனங்கள் நலிந்திருக்கும். உங்கள் முதல் கேள்விக்கு இதிலேயே இன்னொரு விடையும் இருக்கிறது: வாடிக்கையாளர் விலையைத் தொட்டவர்கள்கூட நிறுவனங்களுக்கு இடையிலான மொத்த விலையைத் தொடாமல் இருக்க முடியவில்லை.

உங்கள் மூவர் நிலைமைக்கு உச்சவரம்பை நான் பரிந்துரைக்க மாட்டேன். விலையைக் கட்டினால் தரம் நழுவும். மாலை ஏழு மணிக்கு வேகம் பாதியானதை எந்தக் கட்டணப் பட்டியலும் காட்டாது. ஒப்பந்தக் காலத்தின் நடுவில் விலையேற்றுவதைக் கட்டுப்படுத்துவது வேறு விஷயம். 2025 ஜனவரி 17 முதல் பிரிட்டனில், பணவீக்கத்தோடு சேர்ந்து ஏறும் என்று மொட்டையாக எழுதி ஒப்பந்தம் போட முடியாது. ஏற்றம் இருந்தால் அது எத்தனை பவுண்டு, எத்தனை பென்ஸ், எந்த மாதத்திலிருந்து என்று கையெழுத்திடும் முன்பே சொல்லியாக வேண்டும். இத்தகைய விதிகளை எந்த நாடும் நாளையே கொண்டுவரலாம்.

பின்னிணைப்பை எடுத்து வைத்திருக்கிறீர்கள் அல்லவா, அதில் கட்டண அட்டவணையை விட்டுவிட்டு, கூடுதல் இணைப்பு கேட்டால் எத்தனை நாளில் தர வேண்டும், தராவிட்டால் என்ன ஆகும் என்ற இரண்டையும் தேடிப் பாருங்கள்.

மாலைநேர வாசகர் எழுதியது:

தேடினேன், ஐயா. விண்ணப்பித்த முப்பது நாளுக்குள் தர வேண்டும் என்று ஒரு வரி இருக்கிறது. தராவிட்டால் என்ன என்பது எங்கும் இல்லை. அடுத்த கலந்தாய்வுக்குக் கருத்து அனுப்ப இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது; இதை மட்டும் ஒரு பக்கத்தில் எழுதி அனுப்பப் போகிறேன். அனுப்பும் முன் வரைவை இங்கே பதிவிடுகிறேன். நீங்களும் குழாய்வழி அவர்களும் திருத்தித் தர வேண்டும்.